பொட்டு வைத்த சர்வரும் ஆறு தொலைபேசி எண்களும்

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை. ஆயுத பூஜை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் வாங்கி, காபி போட்டுக் குடித்து, முந்தைய நாள் விட்டுப்போன இரண்டு வரிகளை நாட்குறிப்பில் எழுதினேன். ஏழு மணிக்கு இட்லி. எட்டு இருபதுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு செஞ்சி கடைத்தெரு வழியாக மருத்துவமனைக்கு நடந்தேன். பூசணிக்காயும் பொரி மூட்டையும் வாழைக்கன்றும் ரோட்டில் பாதியை அடைத்திருந்ததால் பத்து நிமிட நடை பதினாறு நிமிடமானது. எட்டு முப்பத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த விவரங்களால் உங்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை. அன்று காலை எந்தக் கவலையும் இல்லாமல்தான் இருந்தேன் என்பதற்கு இவை சாட்சி, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு விலகும்வரை பதினெட்டு ஆண்டுகள் அந்த இருபது படுக்கை மருத்துவமனையின் கணினிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் நீங்கள் இருவரும் கையேடு எழுதித் தரச் சொன்னீர்கள். கட்டளைகள் எல்லாம் அலமாரியில் நீல ஃபைலில் இருக்கின்றன. அந்த ஃபைலில் எழுத முடியாத ஒரு பகல் பொழுதைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

நம் மருத்துவமனையில் ஆயுத பூஜைக்கு ஒரு முறை உண்டு. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி காலை ஒன்பது மணிவரை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. மேனேஜர் கோவிந்தராஜ் இதில் கறார். கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். தராசுக்குப் பொட்டு வைத்தால் வைத்ததுதான், வாடிக்கையாளர் வந்தாலும் எடுக்க மாட்டார்கள். ஆனால் மருத்துவமனையை அப்படி மூட முடியாதே. அதனால் நோயாளிக்குத் தேவைப்படும் எதையும் பூஜையில் வைப்பதில்லை என்று ஏற்பாடு. பழுதான ஸ்டெதாஸ்கோப் ஒன்றும் பழைய ரத்த அழுத்தக் கருவி ஒன்றும் மற்ற கருவிகளின் சார்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அலுவலகச் சாமான்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பீரோ, பிரிண்டர், சர்வர் மூன்றுக்கும் முழு மரியாதை.

ஒன்பது ஐம்பதுக்கு சர்வரை முறையாக அணைத்தேன். துடைத்தேன். மேனேஜர் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டார். காற்று போகும் துளைகளில் சந்தனம் படாமல் பார்த்துக்கொண்டது மட்டும் என் வேலை. பத்தரைக்குக் கற்பூரம். பிறகு எல்லோருக்கும் பொரி, கடலை, சுண்டல்.

பதினொன்றே முக்காலுக்குத் தொண்டூரிலிருந்து ஒரு வேன் வந்தது. செல்வி என்ற பெண், முப்பத்தாறு வாரக் கர்ப்பிணி. கூட வந்தவர் அவள் கணவர் ஏழுமலை. நிலத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கால்வரை சேறு. செல்விக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருப்பது முன்பே தெரியும். அன்று காலை ரத்தம் படத் தொடங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா அலுவலக அறைக்கே வந்தார். பொதுவாக வர மாட்டார்.

"ஓ நெகட்டிவ். ரெண்டு பாட்டில் வேணும். ரெண்டு ரத்த வங்கியில கேட்டாச்சு, இருப்புல இல்ல. ஆள் அனுப்பினா எடுத்து, டெஸ்ட் பண்ணிக் குடுத்துடறோம்ன்றாங்க. நம்ம லிஸ்ட்ல ஓ நெகட்டிவ் எத்தன பேரு?"

"ஆறு பேர், டாக்டர்."

"கூப்பிடுங்க. இப்ப கட்டுக்குள்ள இருக்கு. சாயந்திரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும். ரத்தம் கையில இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன். இல்லன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்பணும். ரெண்டு மணி நேர ரோடு. வழியில கொட்ட ஆரம்பிச்சிதுன்னா வண்டியில இன்னா பண்ணுவாங்க?"

ரத்தக் கொடையாளிகளின் லிஸ்ட் சர்வரில் இருந்தது. சர்வர் மாலையோடு இருந்தது. கொடையாளிகளின் பட்டியலும் நோயாளிக்குத் தேவையான பொருள்தான் என்பது அத்தனை ஆண்டுகளில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேனேஜர் மெல்லச் சொன்னார்: "யம்மா, பொட்டு வச்சாச்சே. நாளைக்குக் காலையிலதானே..."

"அந்தப் பொண்ணு நாளைக்குக் காலைவரைக்கும் தாங்காது, மேனேஜர்" என்றார் டாக்டரம்மா.

மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு, தானே மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். எனக்கு வேலை வைக்கவில்லை.

சர்வர் எழுந்தது. பட்டியல் திறக்கவில்லை. கொடையாளர் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி: எண்களின் பூட்டைத் திறக்கும் எக்ஸ்டென்ஷன் இல்லை.

இந்தப் பூட்டு என் ஏற்பாடு. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ பட்டியலிலிருந்து பெண்களின் எண்களை எடுத்துக் கண்ட நேரத்தில் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தார்கள். அதன்பிறகு பெயர்களையும் எண்களையும் பூட்டிய வடிவில் சேமிக்கும்படி செய்தேன். அதற்கு நம் நிரல்மொழியோடு சேர்ந்து ஓட எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல் ஒன்று தேவைப்பட்டது. பூட்டு போட்ட கையோடு, பழைய காகித நோட்டைக் கிழித்து என் கையாலேயே எரித்தேன். அப்போது பெருமையாக இருந்தது.

எக்ஸ்டென்ஷன் எங்கே போனது? பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். அக்டோபர் 6, வெள்ளி: "நிரல்மொழி அப்டேட். கூட்டம் அதிகம், சர்வரை இப்போது மறுதொடக்கம் செய்யவில்லை. ஞாயிறு செய்ய வேண்டும்." பக்கத்தில் ஒரு டிக். அப்டேட் முடிந்ததற்குப் போட்ட டிக். ஒரே பத்தியில் இரண்டு வேலைகளை எழுதி, ஒரே டிக்கில் இரண்டையும் முடித்திருந்தேன்.

புதிய பதிப்பில் அந்த எக்ஸ்டென்ஷன் இல்லை. அதை மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் சர்வரை அணைக்காததால் பழைய பதிப்பு நினைவகத்தில் பதினேழு நாள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. யூபிஎஸ் இருந்ததால் கரண்ட் போனபோதுகூட அது அணையவில்லை. பூஜைக்கு அணைத்தபோதுதான் போனது.

வழி ஒன்றுதான். எக்ஸ்டென்ஷனின் மூல நிரலை இறக்கி, நம் இயந்திரத்துக்குப் புரியும்படி கம்பைல் செய்து சேர்க்க வேண்டும். செய்யாதது அல்ல. வாசலில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கச் செய்ததில்லை, அவ்வளவுதான்.

ஏழுமலை கதவுப் பக்கம் நின்றிருந்தார். "தேடுதுங்களா மேடம்?"

தேடுகிறது என்று சொல்லியிருக்கலாம். "இல்லீங்க. நம்பர் எல்லாம் பூட்டின பெட்டிக்குள்ள இருக்குது. சாவி இல்ல. புதுசா செய்யணும்" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டாண்ட சாவி போடுறவரு ஒருத்தரு இருக்காரே. வண்டில கூட்டாந்துடட்டுமா?"

மேனேஜர் வாயைத் திறந்தார். நான் கையை ஆட்டி அவரை நிறுத்தினேன். "இது கம்ப்யூட்டர் சாவிங்க. நான்தான் போடணும்."

"செய்யிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

பன்னிரண்டு பதினைந்துக்கு நான் செய்த முதல் காரியம் தகவல் தொகுப்பு முழுவதையும் வேறொரு வட்டில் நகல் எடுத்தது. ஆறு நிமிடம் ஆகும் என்று திரையில் வந்தது. மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

"நகல் எடுக்குற நேரமாம்மா இது? அந்தாளு மூஞ்சியப் பாரு!"

நான் அந்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். ஆறு நிமிடமும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பட்டை நகர்வதையே பார்த்தேன். என் வேலைக்காலத்தில் மிக நீளமான ஆறு நிமிடம் அதுதான். அதை நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது சற்று நேரத்தில் உங்களுக்கு விளங்கும்.

பிறகு கம்பைல். முதல் முறை நாற்பது ஐம்பது வரி பிழை கொட்டியது. கடைசி வரி பயங்கரமாக இருந்தது. பதற்றத்தில் கண் கடைசி வரிக்குத்தான் போகும். நான் மேலே போய் முதல் பிழையைப் படித்தேன். அதற்குத் தேவையான துணை நிரல் தொகுப்பு ஒன்று இல்லை என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தது. கீழே இருந்ததெல்லாம் அதன் பிள்ளைகள். அதை நிறுவினேன். இரண்டாம் முறை நான் இறக்கியிருந்த மூல நிரல் புதிய பதிப்புக்குப் பொருந்தாத பழையது என்று தெரிந்தது. சரியானதை இறக்கினேன். பிராட்பேண்ட் அன்று மெதுவாக இருந்ததால் டாக்டரம்மா தன் கைபேசியை மேசைமேல் வைத்து அதிலிருந்து இணைப்பு கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கம்பைல் பிழையில்லாமல் முடிந்தது. இன்ஸ்டால் ஆனது. கருப்புத் திரையில் எக்ஸ்டென்ஷனின் பெயரைக் கேட்டேன், இருக்கிறேன் என்றது. நான் நாற்காலியில் சாய்ந்து, "ஆச்சு!" என்று கத்திவிட்டேன்.

ஏழுமலை கும்பிட்டுவிட்டு ஓடினார். வராந்தாவில் அவர் குரல் கேட்டது: "செல்வி, ஆயிடுச்சாம்! ரத்தம் கெடச்சிடும்!"

நான் பட்டியலைத் திறந்தேன். அதே வரி. எக்ஸ்டென்ஷன் இல்லை.

அந்தக் கருப்புத் திரை படிக்கும் அமைப்புக் கோப்பு வேறு, சர்வர் படிக்கும் கோப்பு வேறு. நான் ஒன்றில் மட்டும் எழுதியிருந்தேன். சின்ன விஷயம், இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு முன் நான் எழுந்து வராந்தா முழுக்க நடந்துபோய், சிரித்துக்கொண்டு நின்றவரிடம், "அவசரப்பட்டுச் சொல்லிட்டேங்க. இன்னும் ஆகல" என்று சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல மேடம். அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றார். சொன்னதை நான் கேட்டிருந்தேன். கட்டிலில் செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

'ஆச்சு' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் சுலபமாகச் சொன்னதில்லை. கேட்டவர் கண் முன்னால், அவர் கேட்டது வந்து நின்ற பிறகே சொல்வேன். அதனால், வேலையை இழுக்கிறவள் என்று எனக்கு 'இழுப்பு மேடம்' என்று பெயர் வந்ததும் தெரியும்.

ஒன்று ஐந்துக்குப் பட்டியல் திறந்தது. மூலத்தில் அல்ல, முதலில் சோதித்துப் பார்க்க நிரலை நகலின் பக்கம் திருப்பிவைத்திருந்தேன். ஓ நெகட்டிவ் என்று கேட்டேன். ஆறு வரிகள் வந்தன. ஆறும் வெறுமை. பெயர் இல்லை, எண் இல்லை.

மறுபடி திறந்தேன். வெறுமை. அடியில் பார்த்தால், தகவல் தொகுப்பிலேயே அந்த ஆறு இடங்களும் காலியாகிவிட்டிருந்தன. நம் நிரலில் ஒரு பழக்கம் உண்டு: யார் எப்போது பார்த்தார்கள் என்று குறிப்பதற்காக, திறந்த பதிவை மறுபடி பூட்டிச் சேமிக்கும். திறக்க முடியாமல் வெறுமையைப் பெற்றது, வெறுமையையே பழையதன் மேலே எழுதிவிட்டது. மூலத்தில் இதைச் செய்திருந்தால் அந்த ஆறு பேரும் இந்த உலகத்தில் எங்களுக்கு இல்லாமல் போயிருப்பார்கள்.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விவரம் புரியவில்லை, காலியிடம் புரிந்தது. "போச்சாம்மா?"

"நகல்லதான் போச்சு, சார். ஒரிஜினல் அப்படியே இருக்குது."

அவர் போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பூட்டுக்கு நான் முன்பு வைத்த சாவிச் சொல் தேவையான நீளத்தைவிடக் குறைவு. பழைய எக்ஸ்டென்ஷன் பேசாமல் மீதியை நிரப்பிக்கொண்டு வேலை செய்தது. புதியது, நீளம் சரியில்லை என்று மறுத்துவிட்டது. பழையது நிரப்பியதைப் போலவே நானே நிரப்பினேன். மூலத்திலிருந்து இன்னொரு நகல் எடுத்தேன். மேனேஜர் இந்தத் தடவை, "எடும்மா, நிதானமா எடு" என்றார்.

ஒன்று முப்பத்தொன்று. ஆறு பெயர்கள், ஆறு எண்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தாளில் ஆறையும் பேனாவால் எழுதினேன். எழுதியதைத் திரையோடு ஒருமுறை சரிபார்த்தேன். பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

முதல் எண் அணைக்கப்பட்டிருந்தது. இரண்டாமவர் பெங்களூரில். மூன்றாமவருக்குக் கைக்குழந்தை, கொடுக்க முடியாது. நான்காவது எண் அவலூர்பேட்டையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி.

"கடையில பூஜ போட்டு ஷட்டர எறக்கிட்டேன். வூட்டுல குந்திக்கினு பொரி தின்னுக்கினு இருக்கேன். எங்க வரணும், சொல்லு."

ஐந்தாவது எண்ணை அழைத்தபோது மணி தொலைபேசியிலும் கேட்டது, ஜன்னலுக்கு வெளியிலிருந்தும் கேட்டது போல இருந்தது. பிரமைதான் என்று நினைத்தேன். எடுத்தவர் பஞ்சர் கடைக்காரர்.

"ஆஸ்பத்திரியா? எதிர்ல டீக்கடைலதாங்க நிக்கிறேன். இன்னா விஷயம்?"

எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் கைபேசி. பன்னிரண்டு மணியிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். ஆயுத பூஜை, கடை லீவு.

"யோவ், உன்னத் தேடி ரெண்டு மணி நேரமா மெஷினோட மல்லுக்கட்டினு இருக்கோம்" என்று மேனேஜர் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"ஒரு கொரல் குடுத்திருந்தா வந்திருப்பனே!" என்று அவர் திருப்பிக் கத்தினார். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார்.

ஒன்று ஐம்பதுக்கு அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ரத்த வங்கிக்குக் கிளம்பியது. அவலூர்பேட்டைப் பெண்மணி மகனின் பைக்கில் நேராக அங்கேயே போய்விட்டார். மற்றதெல்லாம் டாக்டரம்மாவின் வேலை. நான் செய்ய ஒன்றும் இல்லாமல், குங்குமம் ஒட்டிய விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்கு ஐம்பதுக்கு ஐஸ் பெட்டியில் இரண்டு பைகள் வந்தன. ஐந்து நாற்பத்தெட்டுக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். பெண் குழந்தை. ஆறேகாலுக்கு டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. ரெண்டு பாட்டிலும் தேவப்பட்டுது" என்றார். ஏழுமலை சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் சேறு அதற்குள் காய்ந்து உதிர்ந்து தரையெல்லாம் மண். ஆயாம்மா துடைப்பத்தோடு வந்து, "எழுந்திரு நைனா, கூட்டணும்" என்று அதட்டினாள். அவர் எழாமல் சிரித்தார்.

டீ குடிக்கும்போது மேனேஜர் சொன்னார்: "பூஜையில வச்சத தொட்டோம் இல்ல, அதான் அப்படி முரண்டு புடிச்சிது. கடைசியில தாயே மனசு எறங்கிட்டா."

எனக்கு வசதியான விளக்கம். டாக்டரம்மாவும் மறுக்கவில்லை, களைப்பில் தலையை ஆட்டினார். நான் பேசாமல் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வேலையை விட்டுப் போகும்வரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாட்குறிப்பை எடுத்து அக்டோபர் 6-ஆம் பக்கத்தை மேசைமேல் விரித்தேன். "இது என் தப்பு. அப்டேட் போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கல. பண்ணாமலே டிக் போட்டுட்டேன். அன்னிக்கே பண்ணியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நோட்டையும் நான்தான் எரிச்சேன்."

டாக்டரம்மா பக்கத்தைப் படித்தார். "ஆறு நம்பர் எழுதி வைக்க ஒரு தாள் போதாதா மேடம்?"

"போதும், டாக்டர். மூடி ஒட்டின கவர்ல, உங்க பீரோவுல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ புதுசா மாத்தித் தரேன்."

"சரி" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆறு நிமிஷம் நகல் எடுத்தீங்களாமே. மேனேஜர் சொன்னார்" என்று மட்டும் சேர்த்தார்.

மேனேஜர்தான் சமாதானம் ஆகவில்லை. "அப்போ பூஜைக்கு அணைச்சதாலதான் இந்தத் தப்பே தெரிய வந்துது?" என்றார்.

"ஆமாங்க."

"பாத்தியா!" என்றார். நான் நாட்குறிப்பை மூடிப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை மணிவாரியாக எழுதி முடித்து, எட்டரைக்குச் சாப்பிட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 24, செவ்வாய், விஜயதசமி. ஒன்பது மணிக்கு மேனேஜர் புதுக் கற்பூரம் ஏற்றி, "இனிமே எடுக்கலாம்" என்றார். நான் போய் முதல் வேலையாக சர்வரை அணைத்தேன்.

அவர் பதறிப்போனார். "ஏம்மா! நேத்து அந்தப் பாடு பட்டு ஓட வச்சது. நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுதான்னு பாக்கத்தான் சார்."

விளக்கு அணைந்து விசிறி நிற்கும்வரை காத்திருந்தேன். சுவிட்சைப் போட்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், நானும் நின்றேன். எழுந்து வர மூன்று நிமிடம் பிடித்தது. பட்டியலைத் திறந்தேன். எண்கள் இருந்தன. டிக் போட்டேன்.